தோசைக்கல்லில் குருவிக்கூடு

போன வருடம் சித்திரை மாதம், திருத்தங்கலில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது.

மகள் விலங்கியல் படித்துவிட்டு வெளியூரில் ஓர் உயிரியல் பூங்காவில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறாள். கூண்டில் வளரும் சிட்டுக்குருவி எதை வைத்துக் கூடு கட்டுகிறது, ஊருக்குள் திரியும் குருவி எதை வைத்துக் கட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. லீவுக்கு வந்தவள், எங்கள் மீட்டர் பெட்டிக்கு மேலிருந்த கூட்டைப் பார்த்துவிட்டாள். குஞ்சுகள் பறந்துபோய்ப் பத்து நாளாகியிருந்தது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றாள்.

எனக்கோ பயம். கூட்டில் பேன் இருக்கும், பிள்ளைக்கு ஏதாவது நோய் ஒட்டிக்கொண்டால்?

"அங்கன ஃப்ரீசர்ல வச்சிருவோம்பா, பூச்சி செத்துரும்" என்றாள்.

மனைவி ஃப்ரிட்ஜ் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். "மாவு இருக்கிற எடத்துல இதை வச்சீகன்னா, நாளையிலருந்து அப்பாவும் மகளும் அரிசியைக் கொத்தித் தின்னுக்கோங்க."

சூடு காட்டினாலும் பூச்சி சாகுமே என்று, பழைய தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிக் கூட்டை அதன்மேல் வைத்தேன். மகள் இடுக்கியோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டை எடுத்து வருகிறேன் என்று அவள் திரும்பவும், கல்லுக்கு வெளியே தொங்கிய வைக்கோலில் தீ பிடிக்கவும் சரியாக இருந்தது.

சர்ரென்று ஒரு முழ உயரத்துக்குச் சீறியது. ஒரு நொடி முன்னால் அவள் முகம் இருந்த இடம் அது. அடுப்பை அணைத்தது யார் என்று எங்கள் மூவருக்கும் இன்றுவரை தெரியாது. அவள் பின்னலின் நுனி பொசுங்கியிருந்தது.

முடி பொசுங்கிய நாற்றத்தோடு கலந்து வந்த வெடிமருந்து வாடை எனக்குப் புதிதில்லை. பட்டாசுக் கம்பெனி அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். மிஞ்சிய கூட்டை விலக்கினோம். அச்சகத்துக் காகித நறுக்குகளுக்கு நடுவே கருகாமல் இரண்டு துண்டு பட்டாசுத் திரி.

"இது எங்கிருந்துப்பா வந்திருக்கும்?"

எனக்குத் தெரிந்தது. மழையில் நமுத்துப்போனது என்று கம்பெனியில் ஒதுக்கிய திரியைக் கொண்டுவந்து, மாடியில் அவரைக்கொடியைக் கட்ட வைத்திருந்தவன் நான்தான். இனிப் பற்றாது என்று ஒரு நம்பிக்கை. வெயிலில் அது காய்ந்திருக்கிறது. குருவி அதை உருவிக்கொண்டு போய், மின்சார வயருக்குப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் முட்டையிட்டிருக்கிறது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நாங்கள் படுப்போம்.

சொன்னேன். அவள் கோபப்படவில்லை. நோட்டைத் திறந்து, 'பட்டாசுத் திரி. குருவிக்குக் கிடைத்த இடம்: எங்கள் வீட்டு மாடி' என்று எழுதினாள். எழுத்து கோணல் மாணலாக விழுந்தது.

குருவியால் என் மகளுக்கு என்ன வந்துவிடுமோ என்றுதான் அன்று முழுக்கப் பயந்தேன்; என்னால் அவளுக்கு என்ன வர இருந்தது என்பதை நினைத்தால், இன்றும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.