சூடம் நிற்பதற்காக

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் மிளகாய் வத்தல் மூடை கட்டத் தொடங்கிய நேரமாகப் பார்த்து என் லோடு ஜீப்பின் கேம் தேய்ந்துபோனது. இன்ஜினில் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு அது. மூடைகளைக் கோவில்பட்டிக்குக் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு. அந்த இரண்டு மாதத்தை விட்டால் வருஷம் முழுக்க வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மெக்கானிக் பாய் இரண்டு வழி சொன்னார். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருந்து தள்ளும் டாப்பெட்டில் உருளை வைத்தது, கேமில் உரசாமல் உருளும், தொல்லையில்லை. ஆனால் கோயம்புத்தூரில் சொல்லிச் செய்ய இருபது நாள் ஆகும். பழைய மாதிரி தட்டை டாப்பெட் மதுரையிலிருந்து மறுநாளே வந்துவிடும். நான் யோசிக்கவே இல்லை, தட்டையே போடச் சொன்னேன்.

"ஒண்ணு அண்ணாச்சி. மொத தடவ ஸ்டார்ட் பண்ணதும் இருவது நிமிசம் ஆக்சிலேட்டர விட்டுராதிய. மிதிக்காம ஐடிலிங்ல மெதுவா நின்னா கேமுக்கு எண்ணெ தெறிக்காது, போயிரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. தொழுகைக்குக் கிளம்பிய பாய், தான் வந்தபிறகு ஸ்டார்ட் பண்ணலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். என் மனைவி தேங்காய்த் தட்டோடு வந்திருந்தாள். ராகுகாலம் கழிந்துவிட்டது, நல்ல நேரத்தை ஏன் விடவேண்டும் என்றாள். சாவியைத் திருப்பி, மிதித்துப் பிடித்தேன். ஜீப் அதிர்ந்து உறுமியது. அவள் முகம் சுளித்தாள்.

"கொஞ்சம் கொறைங்க. சூடம் நிக்க மாட்டேக்கு."

காலை எடுத்துவிட்டேன். அவள் நிதானமாகச் சுற்றிக் காட்டி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.

ஐந்தாம் நாள் எட்டயபுரம் தாண்டும்போது டக் டக்கென்று சத்தம் வந்தது. கேம் மறுபடி தேய்ந்திருப்பதைக் கழற்றிப் பார்த்த பாய், ஐடிலிங்கில் விட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மட்டமான சரக்கு என்று டாப்பெட் அனுப்பிய மதுரைக்காரரை ஏசினார். எனக்குக் கூசியது. வீட்டிலும் சரக்கு சரியில்லை என்றே சொன்னேன்.

இரண்டாம் முறை உருளைதான். அந்த இருபது நாளில் மூடையெல்லாம் வேறு வண்டிகளில் போய்ச் சேர்ந்தன. நான் தினமும் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். வேலையே செய்யாமல் இவ்வளவு அலுத்துப்போனது எனக்கு அப்போதுதான்.

வண்டி தயாரானதும் பாயே ஸ்டார்ட் பண்ணினார். இனி எவ்வளவு நேரம் மெதுவாக நின்றாலும் ஒன்றும் ஆகாது. தேங்காய்த் தட்டை எடுத்துவரச் சொல்லி வீட்டுக்குப் போன் போட்டேன்.

"வேண்டாங்க. ஐடிலிங்ல விட்டா போயிரும்னு பாய் மொதல்லயே சொன்னாராம்லா. நேத்து கடைத்தெருவுல வச்சு எங்கிட்டச் சொன்னாரு. இன்னும் மதுரைக்காரரத்தான் ஏசுதாரு. நான் ஒண்ணும் சொல்லிக்கிடல."

பக்கத்தில் பாய் தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.