மரியாதையான புருஷன்

என் கணவரைப் போல மரியாதை தெரிந்த மனிதர் கிடையாது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை "நீங்க" என்றேன். அவர் என்னை "நீ" என்றார், கோபம் வந்தால் "ஏய்". பிறகு அவருடைய வேலைக்காக ஜெர்மனிக்குப் போனோம். அங்கே நெருங்கியவர்களுக்குள் "டூ", அதாவது நீ. வெளியாட்களிடம் "ஸீ", நீங்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் டூதான். மொழி வகுப்பில் எங்களை ஜோடியாக உட்காரவைத்துப் பேசச் சொன்னபோது முதன்முதலாக அவரை நீ என்றேன். காது சூடாகிவிட்டது. அவர் சிரித்தார். அதன்பின் வீட்டிலும் ஜெர்மனில் பேசிக்கொண்டோம். தமிழில் கேட்கத் துணியாததையெல்லாம் அதில் கேட்டேன், சண்டைகூடப் போட்டேன். என் கல்யாண வாழ்க்கையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

அங்கே எங்கள் கட்டடத்தின் கீழ்வீடுகளில், ஒருவரையொருவர் டூ என்று கூப்பிடும் இரண்டு தோழிகள் இருந்தார்கள். படிக்கட்டைத் துடைப்பது யார் முறை என்று தகராறு வந்து, மறுநாள் ஒருத்தி மற்றவளை ஸீ என்றாள். கேட்டவள் முகம் வெளிறிப்போனது. டூ என்று ஆனவரைத் திரும்ப ஸீ என்றால், உன் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். "இதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்," என்று சொன்னவரே என் கணவர்தான்.

ஊர் திரும்பி மாமியாரோடு இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிடும்போது சாம்பாரில் உப்பில்லை என்று என் கணவர் முகம் சுளித்தார். பழக்க தோஷத்தில் ஜெர்மனில், "நீயே போட்டுக்கொள்" என்றேன். மாடியில் குடியிருக்கும் அவர் அண்ணன் மகள் தாம்பரத்தில் ஜெர்மன் படிக்கிறாள். "ஐயோ, சித்தி சித்தப்பாவை நீன்னு சொல்றாங்க!" என்று கைதட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காபி கொடுத்தேன். "அங்கே வையுங்கள்," என்றார் ஜெர்மனில். ஸீ. விளையாட்டென்று நினைத்தேன். அன்று முழுக்க அப்படித்தான், வாரம் முழுக்க அப்படித்தான். என்னிடம் தமிழில் பேச்சே இல்லை. தனியாக இருக்கும்போது அழுது கெஞ்சினேன். "விளக்கை அணைக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஸீன்னா நீங்கன்னு அர்த்தம் பாட்டி. ரொம்ப மரியாதை," என்று அந்தப் பெண் விளக்கம் சொன்னாள். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. பெருங்களத்தூர் சொந்தக்காரர்கள் வரைக்கும் போன் போட்டுச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பள்ளிக்கரணையில் இருக்கும் என் அம்மாவிடம் ஓடினேன். "மரியாதை குடுக்கற மனுஷன் மேல என்னடி குறை?" என்று சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஒரு காலையில் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, அவள் எதிரிலேயே தமிழில் கேட்டேன்: "நீ என்னை என்னன்னு நெனச்சுக்கிட்டிருக்க?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். குரலைக்கூட உயர்த்தாமல், இத்தனை நாளுக்குப் பிறகு தமிழில் சொன்னார்.

"உங்க துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்புங்க. நானே ஆட்டோ சொல்றேன்."

மாமியார் கீரைத்தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கேட்டியா? நீ எப்படிப் பேசினே, என் புள்ளை எப்படிப் பேசறான் பாரு!"