அண்ணி அள்ளிய ஆகாயத்தாமரை

என் அண்ணிக்கு ஒரு வேலையைப் பாதியில் விடத் தெரியாது. இது பாராட்டு இல்லை, புகார். அவளோடு ஒரே படகில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லோரும் போதும் என்று கரை ஏறும் நேரத்தில்தான் அவள் தலைத்துண்டை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டுவாள். அதைப் பார்த்தாலே எனக்கு இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும்.

ஏரியின் உள்வளைவில் எங்களுக்கு வலைக்கூண்டுகள் இருக்கின்றன. மிதக்கும் பீப்பாய்களில் வலையைக் கட்டி, உள்ளே குஞ்சு விட்டு, தீனி போட்டு மீன் வளர்க்கிறோம். இதை ஆரம்பித்ததே அண்ணிதான். அதற்கு முன்னால் அண்ணன் தொலைதூர லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். எப்போதாவது வீட்டுக்கு வருவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் மகள் ஓடி வந்து கேட்கிற முதல் கேள்வி, “அப்பா, எப்போ போறீங்க?” என்பதுதான். குழந்தை பாசமாகத்தான் கேட்கும். அண்ணன் சிரித்துச் சமாளிப்பான். அண்ணி அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அப்படி ஒரு தடவை உள்ளே போனவள் வெளியே வரும்போது முடிவோடு வந்தாள். இனி லாரி கிடையாது, கூண்டில் மீன் வளர்த்துப் பிழைக்கலாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அண்ணன் அரை மனதோடு சம்மதித்தான். ஆனால் லாரிக்குக் கொண்டுபோகிற கறுப்பு ரெக்ஸின் பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே மாட்டி வைத்தான். இரண்டு சட்டையும் போர்வையும் அதற்குள் தயாராக இருந்தன.

“சரிப்படலன்னா நான் வண்டிக்கே போயிடுவேன். அப்புறம் அழக் கூடாது” என்றான்.

முதல் தடவை விட்ட மீன் பாதி வளர்ந்த நிலையில் செத்துப்போனது. மேகம் மூடி, காற்றே இல்லாமல் சில நாட்கள் கிடந்தன. ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. வெயில் ஏறுவதற்குள் வெள்ளை வயிறாக மிதந்தன. தண்ணீர் பச்சைப் பெயின்ட் கரைத்த மாதிரி இருந்தது. கண் பட்டுவிட்டது என்றார் ஒருவர். தீனி சரியில்லை என்றார் இன்னொருவர். அண்ணன் பையைக் கீழே இறக்கித் தூசி தட்டினான்.

“இன்னும் ஒரே ஒரு தடவை” என்றாள் அண்ணி.

“ஒரே ஒரு தடவைதான்” என்றான் அண்ணன்.

இங்கே எங்கள் வளைவின் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஊர்ச் சாக்கடை கலக்கிற ஏரி அது. ஆகாயத்தாமரை காற்றோடு மிதந்து வந்து கூண்டுகளைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். அதைத் தூக்கி வெளியே போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. செடி கொஞ்சம், தண்ணீர் மிச்சம், அப்படி ஒரு கனம். அதனால் கூண்டு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் கரையோரம் ஒரு மூலையை ஒதுக்கி, செடிகளைப் படகால் தள்ளிக்கொண்டு போய் அங்கே அடைத்து, மேலே பழைய வலையை விரித்துக் கல்லை வைத்துவிடுவோம். சில வாரத்தில் பழுப்பாகி அழுகி அடியில் போய்விடும். இதற்கு ‘அமுக்குறது’ என்று பெயர். கண்ணுக்குத் தெரியவில்லையா, வேலை முடிந்தது. இதில் அண்ணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்கள் மூலைதான் வளைவிலேயே சுத்தமான மூலை என்று பெருமை வேறு.

அந்தப் பெருமையைக் கெடுத்தது ஒரு வாளி. அண்ணன் மகள் ஊதாப்பூ அழகாக இருக்கிறதென்று இரண்டு ஆகாயத்தாமரைச் செடியைத் தண்ணீர் வாளியில் போட்டு, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வைத்து மறந்துவிட்டாள். அண்ணி ஒரு நாள் அதைக் கொட்டப் போனாள். செடி கரைந்து கூழாகியிருந்தது. வாளியின் சுவரெல்லாம் பச்சைப் பாசி. குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“தம்பி, இங்க வா. மோந்து பாரு.”

“காலங்காத்தால இது தேவையா அண்ணி?”

“மோந்து பாருன்னேன்.”

மீன் செத்த அன்று வளைவில் அடித்த அதே நாற்றம்.

ஏரித் தண்ணீரைப் பரிசோதிக்க ஸ்கூட்டரில் ஒரு அம்மா வருவார். அண்ணி அந்த வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே விளக்கமாகச் சொன்னார். “இந்தச் செடி உயிரோட இருக்கிறவரைக்கும் சாக்கடையில வர்ற சத்தையெல்லாம் உறிஞ்சி உடம்புல சேத்து வெச்சுக்கும்மா. அழுகினா சேத்தது அத்தனையும் தண்ணிக்கே திரும்பிடும், அதுவும் முதல் சில வாரத்துலயே. அதைத் தின்னுதான் பாசி கொழுக்குது. அழுகல் ஒரு பக்கம் தண்ணியில இருக்கிற காத்தை இழுக்கும், ராத்திரியில பாசியும் இழுக்கும். விடியும்போது மீனுக்கு மூச்சுவிடக் காத்து இருக்காது.”

“அப்போ என் மீனைக் கொன்னது நானேதானா?”

“நீங்க மட்டும் இல்லம்மா. இங்க எல்லாருமேதான் அமுக்குறாங்க.”

“எங்க மூலையில அமுக்கினது நான்தானே” என்றாள் அண்ணி. முகம் செத்துப்போயிருந்தது. அந்த முகம் அன்று சாயங்காலம் வரைக்கும்தான். மறுநாள் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிவிட்டாள். எனக்கு இடுப்பு வலி ஆரம்பித்தது.

வலையை விலக்கி, போன வருஷத்து அழுகல் மொத்தத்தையும் வாரியால் இழுத்து, சாக்கில் போட்டு, கரையின் மேட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் கொட்டினோம். மேட்டுக்கு இந்தப் பக்கமே போட்டுவிடலாம், பாதி நடை மிச்சம் என்று நான் ஒரு நல்ல யோசனை சொன்னேன்.

“மழை பெஞ்சா அதோட சாறு எங்க போகும்?”

“ஏரிக்கு.”

“அப்புறம் எதுக்குச் சுமந்தோம்?”

சாக்கைத் தோளில் ஏற்றிச் சுமந்தேன். புதிதாக வருகிற செடியையும் பச்சையாக இருக்கும்போதே அள்ளி அன்றன்றைக்கே மேடு தாண்டினோம். என் சட்டையைத் துவைக்க வீட்டில் யாரும் தயாராக இல்லை. புதுக் குஞ்சுகளை விட்டோம். நன்றாகவே தின்றன, வளர்ந்தன. ஆனால் தண்ணீரின் பச்சை முழுசாகப் போகவில்லை. காரணம் பக்கத்திலேயே இருந்தது. அடுத்த கூண்டுக்காரர், தொப்பி போடாமல் யாரும் பார்த்திராததால் எங்களுக்குத் தொப்பி மாமா, அவர் மூலையில் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

“என் மூலை, என் தண்ணி. உனக்கென்ன?” என்றார் அவர்.

“தண்ணிக்கு ஏது மாமா மூலை?” என்றாள் அண்ணி.

“அவ்வளவு கவலைன்னா நீயே அள்ளிக்கோ.”

அவர் குத்தலாகத்தான் சொன்னார். அண்ணி, “சரி” என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த மனுஷன் படகில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க, அவருடைய அழுகலை நாங்கள் அள்ளினோம். சாக்குகள் ஒவ்வொன்றாக நைந்து கிழிந்தன. அன்று அண்ணன் இல்லை. லாரி முதலாளி வண்டிக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்ததால் பேசப் போயிருந்தான். மேகம் மூட ஆரம்பித்திருந்தது, காற்றும் நின்றிருந்தது. அண்ணி வானத்தை ஒரு தடவை பார்த்தாள். விறுவிறு என்று வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் கறுப்பு ரெக்ஸின் பை.

“அண்ணி, அது அண்ணனோட...”

“வாயைத் திறந்தே, உன்னையும் இதுக்குள்ள போட்டுக் கட்டிடுவேன்.”

கூழும் சேறுமாக அந்தப் பை எத்தனை தடவை மேடு தாண்டியது என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அடி பிய்ந்தபோது அதையும் குவியலோடு விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் தொப்பி மாமாவே வாரியோடு வந்து நின்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு ஆள் கூடக் கிடைத்ததில் அண்ணி வேறு எதையும் எதிர்பார்க்கவும் இல்லை.

மேகமூட்டம் கலையவில்லை. போன வருஷம் போலவே இலைகூட அசையாத புழுக்கம். அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “நாளைக்கு மீன் மேல வந்துச்சுன்னா நான் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பறேன். முதலாளிகிட்ட சொல்லிட்டேன்” என்றான். அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள்.

விடியும்போது மூன்று பேரும் படகில் போனோம். எனக்கு உள்ளே பயம்தான். முதல் கூண்டின் ஓரத்தில் இரண்டு மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. அண்ணன் துடுப்பை நிறுத்திவிட்டான். அண்ணி அவனிடமிருந்து துடுப்பைப் பிடுங்கி, கூண்டின் நடுப்பக்கம் படகை விட்டு, ஒரு கை தீனி அள்ளி வீசினாள். தண்ணீர் அடியிலிருந்து கொதித்தது. நூற்றுக்கணக்கில் ஏறி வந்து, தீனியைப் பறித்துக்கொண்டு, வாலால் எங்கள் முகத்தில் அடித்துவிட்டு மறுபடி அடிக்குப் போயின. அண்ணி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முதல் வேலையாகப் பையைக் காலி செய்து வைக்கக் கதவுக்குப் பின்னால் போனான். ஆணி காலியாக இருந்தது. சட்டைகளும் போர்வையும் அலமாரியில் மடித்து இருந்தன.

“பை எங்க?”

“மேட்டுக்கு அந்தப் பக்கம். அழுகல் அள்ளினேன், பிஞ்சுபோச்சு.”

“அடிப்பாவி, எப்போ?”

“நீங்க முதலாளியைப் பாக்கப் போனீங்களே, அன்னைக்கு.”

“இன்னைக்கு மீன் செத்திருந்தா?”

“மறுபடியும் குஞ்சு விட்டிருப்பேன்.”

அண்ணன் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது மகள் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து, அவன் கதவுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்து, வழக்கம்போலக் கேட்டாள்.

“அப்பா, எப்போ போறீங்க?”

“எங்கடி போறது?” என்றான் அண்ணன். “உங்கம்மா பையே இல்லாம பண்ணிட்டா.”