மச்சான் சாகாத வாரம்

பேருந்தில் டிக்கெட் பரிசோதிப்பவருக்கு, தூங்கும் பயணியைப் பார்த்ததும் முதலில் தோன்றுவது இவன் நடிக்கிறான் என்பதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். அந்தப் பழக்கம் செக்கரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி போனைப் பார்த்துச் சிரித்தால், எதற்கு என்று கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

மாலையில் சீருடையைக் கழற்றிய கையோடு கணினி முன் உட்கார்ந்துவிடுவார். ஐந்து பேர் கொண்ட அணி, எதிரில் இருக்கும் ஐந்து பேரைச் சுட வேண்டும். அதுதான் விளையாட்டு. அவர்தான் கேப்டன். ஆள் கிடைக்காமல் மனைவியின் தம்பியையும் சேர்த்திருந்தார். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவன். எந்த ஆட்டத்திலும் முதலில் சாவது அவன் என்பதால் அணியில் அவன் பெயர் விக்கெட்.

அந்த வாரம் விக்கெட் சாகவில்லை. மற்றவர்கள் செத்த பிறகும் தனியாக நின்று சுட்டான்.

"மாப்ள, ஒரே வாரத்துல எப்படிடா?" என்று மைக்கில் கேட்டார் செக்கர்.

"கம்ப்யூட்டரை கொஞ்சம் சரி பண்ணேன் மாமா."

என்ன சரி பண்ணினான் என்று சொல்லவில்லை. அவன் பேசும்போது பின்னால் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. இன்னொரு இயந்திரமா? எதிரி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் திருட்டு மென்பொருள் இருப்பது செக்கருக்குத் தெரியும். அவர்கள் ஆடிவந்த போட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்று. ஒருவன் பிடிபட்டாலும் அணி முழுவதற்கும் தடை. கேப்டனே முன்வந்து சொல்லிவிட்டால் அந்த ஆளை மட்டும் நீக்குவார்கள்.

"தூங்குறவனைத் தட்டி எழுப்புற மாதிரி என் தம்பியையும் எழுப்பிப் பாக்காதீங்க" என்றாள் மனைவி. அவர் கேட்கவில்லை. மறுநாள் மதியமே போட்டி நடத்துபவர்களுக்குப் புகார் அனுப்பினார். வேலை முடிந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் மச்சானின் அறைக் கதவைத் தட்டினார்.

உள்ளே கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் காணோம். திறந்த வயிற்றைப் பார்த்து ஒரு மேசை விசிறி முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருந்தது. திரையில் ஓடிய ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. நிழல் இல்லை, புல் இல்லை, சுவர்கள் களிமண்ணில் பிடித்து வைத்ததுபோல் இருந்தன.

"என்னடா இது, பாழடைஞ்ச வீடு மாதிரி?"

"அழகை எல்லாம் குறைச்சுட்டேன் மாமா. முன்னாடி நொடிக்கு நாப்பது படம்தான் மாறும். எதிரி வந்து நின்னது எனக்குத் தெரியுறதுக்குள்ள அவன் சுட்டுட்டுப் போயிடுவான். தூசியைத் துடைச்சு, சூடு ஏறாம விசிறியும் வெச்சேன். இப்ப நூத்தி இருபது."

"புல்லை எடுத்துட்டா அதுல ஒளிஞ்சிருக்கிறவன் தெரிவானே. அது ஏமாத்து இல்லையா?"

"கேம்லயே இருக்கிற அமைப்புதான். நீங்களும் பண்ணலாம்."

செக்கர் அத்தோடு விடுவாரா. எல்லாவற்றையும் பழையபடி வைக்கச் சொன்னார். பின்னணியில் ஓடாமல் மூடி வைத்திருந்த நிரல்களையும் திறக்க வைத்தார். திரையின் மூலையில் இருந்த எண் நாற்பதுக்கு இறங்கியது. விக்கெட் முதல் மூலையில் திரும்பியதும் செத்தான். திரும்ப மாற்றினான். இந்த முறை கடைசிவரை நின்றான். செக்கர் மேசைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தார். தூசியைத் துடைத்த பழைய துணி மட்டும் கிடந்தது.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா, நான் நல்லா ஆடலை, விசிறிதான் ஆடுதுன்னு எல்லாரும் சிரிப்பாங்க. ஒரு வாரமாவது நல்லா ஆடுறவனா இருந்துக்கலாம்னு பாத்தேன்."

அப்போதுதான் செக்கரின் போனில் செய்தி வந்தது. புகார் ஏற்கப்பட்டது, அந்த ஆட்டக்காரர் நீக்கப்பட்டார் என்று இருந்தது. போனை மச்சானிடமே நீட்டினார். அவன் படித்தான். திருப்பிக் கொடுத்தான். விசிறியை அணைத்தான். அறை அமைதியானது.

செக்கர் அவன் எதிரிலேயே போட்டி நடத்துபவரைக் கூப்பிட்டார். "புகார் தப்புங்க. நானே பக்கத்துல இருந்து பாத்துட்டேன்."

"நீக்கப்பட்டவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சான்."

"மதியம் சந்தேகம், சாயங்காலம் நம்பிக்கையா? வீட்ல சண்டையா சார்?"

செக்கருக்கு முகம் சுட்டது. என்ன சொன்னாலும் அந்த ஆள் நம்பவில்லை. கடைசியில் நடத்துபவரே ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அரங்கிலேயே ஒரு கணினியில், நடுவர் பின்னால் நிற்க, விக்கெட் தனியாக ஆடிக் காட்ட வேண்டும். திருப்தியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள்.

"அங்க இருக்கிற கம்ப்யூட்டர் எப்படி ஓடும்னு எனக்குத் தெரியாது. செத்துட்டா, வீட்ல திருடித்தான் ஆடினான்னு ஆயிடும்" என்றான் மச்சான்.

"அப்ப வேண்டாமா?"

அவன் கழற்றி வைத்த தகட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"வர்றேன். அக்காவையும் கூட்டிட்டு வாங்க. நடுவர் என் பின்னாடி நிக்கட்டும். நீங்க நிக்காதீங்க மாமா."

"சரி" என்றார் செக்கர். எதற்கு என்று கேட்கவில்லை.