பேரை மாற்றினேன், பேச்சை மாற்றவில்லை

மேஜை ஓரத்தில் அந்த மொபைல் ஸ்டாண்டு இன்னும் நிற்கிறது. அதில் போனை மாட்டி வீடியோ எடுத்து மாதக்கணக்காகிறது. எடுத்துப் பரண்மேல் போட்டால்தான் என்ன? கை போகிறது, திரும்பி வந்துவிடுகிறது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் மனநல ஆலோசனை பார்க்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு ஒரு அக்கா திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவார். வீட்டில் பல்வலி என்று சொல்லிவிட்டு வருவதாக முதல் நாளே சொல்லிச் சிரித்தார். கணவர் போர்வெல் லாரியோடு வடக்கே போனால் திரும்ப மாதங்கள் ஆகும். தூக்கம் போய்விட்டது, சோற்றைக் கண்டால் வெறுப்பு. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல அவருக்கு இருந்த ஒரே இடம் என் அறைதான். எங்கள் பக்கத்துப் பாசத்தில் என்னைச் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். தன் மனசு படும் பாட்டை லாரிக்காரர் பேச்சில் ஒரே வரியாகச் சொல்வார். அப்பா, என்ன வரி அது! கேட்டவர் மறக்கமாட்டார்.

நானும் மறக்கவில்லை, அதுதான் வினை. வாரம் ஒரு வீடியோ போட்டுக்கொண்டிருந்த நேரம். அவர் கதையைச் சொன்னேன். பேரை மாற்றினேன், ஊரைக் குமாரபாளையம் ஆக்கினேன், தறிக்காரர் வீடு என்றேன். அந்த வரியை மட்டும் அப்படியே விட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேர் சொல்லாவிட்டால் தப்பில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ! வீடியோ லாரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி, கடைசியில் அவர் கணவர் கையிலேயே போய் விழுந்தது. வீட்டில் இருக்கும் நாளெல்லாம் மனைவியின் அந்தப் பேச்சைக் கேட்டவர் அவர். தெரியாமல் இருக்குமா?

அக்கா கடைசியாக ஒருமுறை வந்தார். உட்காரவில்லை. இனிச் சேலம் பஸ் ஏறக்கூடாது என்று கணவர் போனில் சொல்லிவிட்டாராம். பல்லு சரியாயிருச்சா என்று மாமியார் வருகிறவர்கள் முன்னால் கேட்டுச் சிரிக்கிறாராம். ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பேரை மாத்திப்போட்டீங்க மேடம். என்ற பேச்சை மாத்துலீங்களே."

அந்த "மேடம்" இன்னும் காதில் குத்துகிறது.

அன்றே வீடியோவை அழித்தேன். ஊரெல்லாம் பரவினபின் அழித்து என்ன? போன் பண்ணவும் பயம், யார் எடுப்பார்களோ என்று. இப்போது தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, ஒன்றும் தெரியாது.

இதை எழுதும்போதும் ஊரை மாற்றியிருக்கிறேன், தொழிலை மாற்றியிருக்கிறேன். அந்த வரியை எழுதவே இல்லை. இருந்தும் எழுதினதைத் திரும்பப் படித்தால் பல்வலி என்ற இடத்தில் கண் நின்றுவிடுகிறது. அதை மாற்றினேனா? ஸ்டாண்டு காலியாகத்தான் நிற்கிறது. நான்தான் மறுபடியும் அவர் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்த முறையும் அவரைக் கேட்காமலே.