மஜ்ஜைப் பெட்டியின் கதவு

வேலை சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், வீடு திருத்தணியில் மலையடிவாரத்தில். இருபது வருடத்துக்கு மேலாக ரயிலில் போய் வருகிறேன். திரும்பும்போது மணவூர் தாண்டியதும் டைரியை எடுத்தால் அரக்கோணத்துக்குள் அன்றைய நாளை எழுதி முடித்துவிடலாம். ஆய்வுக்கூடத்துப் பதிவேட்டுக்கு 'சரிபார்த்தேன்' என்ற ஒரு சொல் போதும். எனக்கு அது போதாது. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், கையில் என்ன இருந்தது என்பது வரை எழுதினால்தான் மனம் அடங்கும்.

மூன்று வருடத்துக்கு முன் முனைவர் பட்டத்துக்காக எங்களிடம் ஒரு பெண் வந்தாள். பொதட்டூர்பேட்டைக்காரி, வீட்டிலேயே தறி ஓடும் குடும்பம். அவளும் என் ரயில்தான். திருத்தணியில் இறங்கி பஸ் பிடிப்பாள். நான் செய்யும் வேலை எதற்கு என்று அந்த ரயிலில்தான் எனக்குச் சொல்லிப் புரியவைத்தாள்.

இரத்தத்தை உண்டாக்கும் மூல செல்கள் எலும்பு மஜ்ஜையில் இருக்கின்றன. அங்கே இருக்கும்வரை அவை தம் இயல்பு மாறாமல் வருடக்கணக்கில் இருக்கும். வெளியே எடுத்துத் தட்டில் வைத்தால் சில நாட்களில் சாதாரண இரத்த செல்களாக மாறித் தீர்ந்துவிடும். அதனால்தான், மஜ்ஜை மாற்றத்துக்குக் காத்திருக்கும் நோயாளிகளுக்காக அவற்றை வெளியே வளர்த்துக் கொடுப்பது இத்தனை கடினமாக இருக்கிறது. செல்லை மாற்ற முடியாது, எனவே அது குடியிருக்கும் இடத்தையே கட்டிப் பார்ப்போம் என்பது அவள் வேலை. உளுந்து அளவில் ஜெல்லால் ஆன பஞ்சு. அதன் துளைகளின் சுவரில் மஜ்ஜையிலிருந்து எடுத்த துணைச் செல்கள். நடுவே மெல்லிய குழாயில் ஊட்டத் திரவம் சொட்டுச் சொட்டாக ஓடும். எல்லாம் ஒரு வளர்ப்புப் பெட்டிக்குள்.

"எலும்புக்குள்ள ஆக்சிஜன் கம்மிக்கா. நாம மூச்சு வுடுற காத்து அதுங்களுக்கு ரொம்ப ஜாஸ்தி" என்றாள் ஒருநாள். அதற்காகப் பெட்டிக்குள் நைட்ரஜனை விட்டு ஆக்சிஜனைக் குறைத்து வைத்திருந்தோம். உள்ளே காற்று காயாமல் இருக்க அடியில் ஒரு தண்ணீர்த் தட்டும் உண்டு.

துளையின் அளவு சரியாக வர அவளுக்கு ஏழு மாதம் ஆனது. ஒவ்வொரு முறையும் பஞ்சை மெல்லிய சீவல்களாக வெட்டி, மைக்ராஸ்கோப்பில் அளந்து, தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்தாள். சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. முதல் இரண்டு முறையும் செல்கள் மூல செல்களாக நிற்கவில்லை. பத்தாம் நாளுக்குள் பெரும்பாலும் மாறிவிட்டன. பேராசிரியர் அவளிடம், "இன்னொரு வாட்டி பாப்போம்மா. அதுவும் வரலன்னா இத்த வுட்டுட்டு வேற தலைப்பு எடுத்துக்கோ" என்றார். அதுவரை அவள் உழைத்த அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கியது.

மூன்றாவது முறையைத் தொடங்கிய மறுநாள் நான் ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். சித்தூர் பக்கத்திலிருந்து கணவரின் உறவினர்கள் காவடியோடு வந்து எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். அந்த நாட்களில் ஊரைவிட்டு நான் வெளியே போக முடியாது. நாத்தனாருக்குச் சோறு போட்டுக்கொண்டே பெட்டி ஞாபகமாக இருந்தேன்.

"இன்னா வதினா, சாம்பார ஊத்திட்டு எங்கியோ பாத்துகினு கீற?"

"ஆபீஸ்ல ஒரு பெட்டி. தெனம் மூணு வேள பாக்கணும்."

"எங்க அண்ணனக்கூட நீ மூணு வேள பாக்கறதில்லயே" என்றார். கூடமே சிரித்தது.

மூன்றாவது முறை செல்கள் நின்றன. முழுவதும் இல்லை, ஆனால் முன்பைவிட நிறைய. ஜெல் பக்குவத்துக்கு வந்துவிட்டது, ஆய்வுக் கட்டுரையை எழுத ஆரம்பி என்றார் பேராசிரியர். அவள் எழுதவில்லை. ரயிலில் என் எதிரில் உட்கார்ந்து, "மூணு வாட்டியும் ஒரே ஜெல்லுதான்க்கா. அப்புறம் எப்டி இப்ப மட்டும் வந்துச்சி? உங்க டைரிய கொஞ்சம் குடுக்கறீங்களா?" என்றாள்.

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் வரை தலை நிமிராமல் படித்தாள். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"கதவத் தெறந்து தண்ணித் தட்டத் தொடச்சேன், ஆறு நிமிஷம்னு போட்டுக்கீறீங்க."

"ஆமா. ஓரத்துல ஈரம் இருந்துச்சி."

"இங்க நாலு நிமிஷம். இங்க அஞ்சு. தெனம் மூணு வாட்டி."

"வெளிய காட்டுற நம்பர மட்டும் நம்பி இருக்க முடியுமா? கண்ணால பாத்தாத்தான எனக்குத் திருப்தி. நான் லீவுல இருந்தப்ப நீயும் தெறந்து பாத்த இல்ல?"

"இல்லக்கா. எனக்குக் கை பழக்கம் இல்லன்னு பயந்துகினு நம்பர மட்டும் பாத்துட்டு வந்துட்டேன்."

டைரியை வாங்கித் தேதிகளைப் பார்த்தேன். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று புகும். ஆக்சிஜன் பழைய அளவுக்கு இறங்க நெடுநேரம் ஆகும். செல்கள் புது இடத்தில் பதிய வேண்டிய முதல் நான்கு நாளும் கதவு மூடியே இருந்தது, நான் இல்லாததால்.

"அப்ப முதல் ரெண்டையும் நான்தான் கெடுத்தேன்" என்றேன்.

"மூணு வேள பாக்கணும்னு எழுதிக் குடுத்தது நான்தான்க்கா. நீங்க நிமிஷம் போடாம வெறும் ஓகேன்னு எழுதியிருந்தா, இன்னும் ஜெல்ல மாத்திகினு கெடப்பேன்." ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொன்னாள்.

மறுநாள் பேராசிரியரிடம் நான்காவது முறை வேண்டும் என்று கேட்டாள். இரண்டு பெட்டிகள், ஒரே ஜெல், ஒரே செல்கள். ஒன்றை நான் பழையபடி திறக்க வேண்டும், மற்றொன்றைத் திறக்கவே கூடாது. வந்திருக்கும் முடிவும் இதில் கையைவிட்டுப் போகலாம் என்று அவர் எச்சரித்தார். "போச்சின்னா அது நெஜமான முடிவு இல்ல சார்" என்றாள்.

மூன்று வாரம், என் பழைய டைரியைப் பார்த்து அதே நேரத்துக்கு, அதே நிமிடங்களுக்கு முதல் பெட்டியைத் திறந்து வைத்தேன். தெரிந்தே கெடுப்பது எனக்குக் கடினமாக இருந்தது. இரண்டாவதைத் தொடாமல் இருப்பது அதைவிடக் கடினம். அதன் கைப்பிடியில் அவள் வீட்டுத் தறியில் நெய்த லுங்கித் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள். "இது பெட்டிக்கு இல்லக்கா, உங்க கைக்கு."

பிறகு இரு பெட்டியின் செல்களையும் தனித்தனித் தட்டுகளில் விதைத்தாள். இன்னும் மூல செல்லாக இருப்பவை அங்கே கூட்டமாகப் பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாகும். இரண்டு வாரம் கழித்து, எது எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியாதபடி தட்டுகளின் பெயரை ஒட்டுத்தாளால் மறைத்துவிட்டு என்னை எண்ணச் சொன்னாள். இருமுறை எண்ணினேன். சில தட்டுகளில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன, சிலவற்றில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அவள் ஒவ்வொன்றாக ஒட்டுத்தாளைப் பிரித்தாள். நெருக்கமானவை எல்லாம் திறக்காத பெட்டியுடையவை. அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். "நைனா, இன்னிக்கி அடுத்த வண்டியிலதான் வருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேணாம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னொரு வாட்டி எண்ணிடுறீங்களாக்கா?" என்றாள்.

மூன்றாம் முறையும் எண்ணிக்கை மாறவில்லை.

பேராசிரியர் வந்து தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எழுதலாம் என்றார். "எழுதறேன் சார். கெட்டுப்போன முதல் ரெண்டையும், கதவு தெறந்திருந்த நிமிஷத்தையும் சேத்துத்தான் எழுதுவேன்" என்றாள். என் தவறு அச்சில் வரும் என்று அப்போது புரிந்தது. அதைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.