தொட்டில் கொக்கிக்குப் பக்கத்தில் விழுந்த காரை

மகள் தலைப்பிரசவத்துக்கு வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவளுக்கென்று ஒதுக்கிய அறையின் கூரையிலிருந்து, தொட்டில் கொக்கிக்குச் சரியாகப் பக்கத்தில், உள்ளங்கை அளவு கான்கிரீட் பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. சத்தம் கேட்டதும் ஓடினேன். வாசலை நோக்கித்தான் ஓடினேன். முருங்கை மரத்தடியில் மூச்சு வாங்கும்போதுதான், மனைவி உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது.

"எங்கீங்க போறீங்க?" என்றபடி அவள் நிதானமாக வெளியே வந்தாள்.

"நெலம் நடுங்குனாப்பல இருந்துச்சு புள்ள."

"நடுங்குனது நெலமாட்டம் தெரியலீங்களே."

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தோம். காரை விழுந்த இடத்தில் இரண்டு கம்பிகள் துருவேறி, உரித்த கருவாடு போலத் தெரிந்தன. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒட்டடைக் குச்சியால் கூரையைத் தட்டினேன். சில இடங்களில் கிண்ணென்றது, சில இடங்களில் பொத்தென்றது. சந்தேகத்துக்கு என் நெஞ்சையும் தட்டிப் பார்த்தேன். அதுவும் பொத்தென்றுதான் கேட்டது.

மாடியில் மழைத்தண்ணீர் நிற்பதுதான் காரணம் என்றார் கொத்தனார். கம்பியே மட்டம் என்றார் சம்பந்தி. இருவர் சொன்னதையும் நம்பினேன். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர் கட்சியில் இருந்தேன். ஆனால் நான் யாரிடமும் சொல்லாத மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது.

பல வருடம் ரிக் என்கிற போர்வெல் லாரியில் ஊர் ஊராகத் திரிந்தவன் நான். தண்ணீர் பீறிட்டதும் முதல் வாயை நாங்கள்தான் சுவைத்துச் சொல்வோம், நல்ல தண்ணீரா, உப்பா என்று. மல்லசமுத்திரம் பக்கம் இந்த வீட்டைக் கட்டத் தொடங்கியபோது என் இடத்தில் நானே போர் போட்டேன். வாயில் ஊற்றினால் கடல். மனைவி அப்போது கைக்குழந்தையோடு திருச்செங்கோட்டில் வாடகை வீட்டில் இருந்தாள். "கலவைக்காச்சும் நல்ல தண்ணி லாரில எறக்கீருங்க" என்றாள். ரிக்குக்காரன் வாசலில் தண்ணீர் லாரி நின்றால் ஊர் சிரிக்காதா? எறக்கியாச்சு என்று சொல்லிவிட்டு, கலவைக்கும் உப்புத் தண்ணீர், கான்கிரீட் இறுகக் கூரையில் பாத்தி கட்டி நிறுத்தியதும் உப்புத் தண்ணீர். இப்போது விழுந்த துண்டை ஒருநாள் யாருக்கும் தெரியாமல் நக்கிப் பார்த்தேன். கரித்தது. கான்கிரீட் கரித்ததா, என் வியர்வை கரித்ததா, அதுவும் புரியவில்லை.

கல்லூரியில் பாடம் நடத்தும் பெண் என்ஜினியர் ஒருவர் பார்க்க வந்தார். கூரையை லேசாக உடைத்து, சின்ன பாட்டிலிலிருந்து ஏதோ சொட்டு விட்டார். அந்த இடம் குப்பென்று சிவந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அது காரை விழுந்த இடத்துக்கு நேர் கீழே என்று உணர்ந்து உடனே எழுந்தேன்.

"ரத்தமாட்டம் வருதுங்களே அம்மணி."

"செவந்தா நல்லதுங்கண்ணா. சிமெண்ட்டுல காரம் இருக்குது. காரம் இருந்தா கம்பி துருப்புடிக்காது."

"புடிச்சிருக்குதுங்களே."

"அதாங்க எனக்கும் கொழப்பம். உப்பு கலந்திருந்தா, காரம் இருந்தாலும் புடிக்கும். கட்டறப்ப என்ன தண்ணிங்க?"

மனைவி முந்திக்கொண்டாள். "நல்ல தண்ணிங்க. லாரில எறக்குனோம்." அவள் குரலில் பெருமை இருந்தது.

"அப்ப மழத்தண்ணி எறங்கி இந்த எடம் மட்டும் போயிருக்கும். கம்பியத் தேச்சுப் பூசீட்டாப் போதுங்க."

தப்பித்தேன். பூசிவிட்டால் முடிந்தது. அண்ணாந்து கொக்கியைப் பார்த்தேன்.

"ஒரு பேச்சுக்கு, உப்பா இருந்தா?"

"பூசுன எடத்துக்குப் பக்கத்துல துரு இன்னும் வேகமாப் புடிக்குங்க. எப்ப உழுகும்னு சொல்ல முடியாது."

"போர் தண்ணிதான் அம்மணி" என்றேன். இதைச் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது.

மனைவி கட்டிலில் இருந்த விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது ஜோக் அடித்திருப்பேன்.

மற்ற அறைகள் இப்போதைக்குத் தாங்கும், வருடா வருடம் பார்க்க வேண்டும் என்றார் என்ஜினியர். கொக்கியை அறுத்தார்கள். அறைக்குள் முட்டுக் கொடுத்து, கெட்ட கான்கிரீட்டைக் கம்பிக்கு மேல்வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, கம்பிகளில் துத்தநாகக் கட்டிகளைக் கட்டினார்கள். கம்பிக்குப் பதிலாக அது கரையுமாம். எப்படி என்று இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் தலையாட்டினேன், இன்னும் புரியவில்லை. மகளுக்கு ஓடு வேய்ந்த முன்னறை தயாரானது. என் தண்ணீர் படாத கூரை அது ஒன்றுதான். தரையில் நிற்கும் தொட்டிலும் வந்தது.

கலவை போடும் அன்று எங்கள் வாசலில் தண்ணீர் லாரி நின்றது. ஊரில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் பார்க்கக்கூட இல்லை. பழக்க தோஷத்தில் நான் குழாய்க்குக் கீழே கையை நீட்டினேன்.

"நீங்க தள்ளுங்க" என்றாள் மனைவி.

தானே ஒரு கை பிடித்து வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கொத்தனார் மண்வெட்டியோடு நின்றார். நானும் நின்றேன். எந்த ரிக்குக்காரனும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

பிறகு விழுங்கினாள். "ஊத்துங்க" என்றாள் கொத்தனாரைப் பார்த்து.